ரிட்டர்ன் கிஃப்ட்: அந்தப் பையைப் பிரிப்பது யார்?

கேக் வெட்டி, ஆடி முடித்து, வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில் பிள்ளைகள் கையில் ஒரு பையைக் கொடுத்து அனுப்புகிறோம். பாதிப் பிள்ளைகள் வண்டியில் ஏறுவதற்குள் பிரித்துவிடும். மீதிப் பைகள் வீடு போய்ச் சேரும். அந்த வீட்டில் தரையில் தவழ்கிற தம்பியோ தங்கையோ இருக்கும். அக்கா பாதியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனதை மறுநாள் காலையில் எடுத்து வாயில் வைப்பது அந்தப் பிள்ளைதான். அதனால் கடையில் விலை கேட்பதற்கு முன்னால், இந்தப் பை போகிற வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளைக்கு என்ன வயது என்று யோசித்துக்கொள்ளுங்கள். மற்றது எல்லாம் அதற்குப் பிறகு.

ஒன்றாம் பிறந்தநாளில்தான் இது அதிகம் தவறுகிறது. பிறந்தநாள் பிள்ளைக்கு ஒரு வயது. வருகிற பிள்ளைகளில் ஒரு வயதுக்காரர்கள் இரண்டோ மூன்றோதான் இருப்பார்கள். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள், மதினி பிள்ளைகள், பக்கத்து வீட்டு அக்காமார் என்று மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா வயதும் வந்து நிற்கும். கிலுகிலுப்பை முப்பது வாங்கி வைத்தால் ஐந்தாம் வகுப்புப் பையன் அதை என்ன செய்வான்?

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே, மூன்றிலிருந்து ஆறு, ஏழிலிருந்து பன்னிரண்டு. அழைத்த வீடு ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளை, யார் எந்தப் பத்தி என்று எழுதுங்கள். 25 பேர் வந்தால் 30 பை வேண்டும். அந்த உபரி ஐந்தையும் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கிற பொருளாகவே வையுங்கள். சொல்லாமல் வருவது பெரும்பாலும் இடுப்பில் உட்கார்ந்து வருகிற பிள்ளை. பெரியவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுப்பது தனிக் கணக்கு, இதோடு சேர்க்க வேண்டாம்.

பணக்கணக்கில் பையையும் கயிற்றையும் சீட்டையும் மறந்துவிடுகிறார்கள். ஆளுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் பொருளுக்கு 48 ரூபாய்க்கு மேல் கிடையாது. மீதி பைக்கும் பெயர்ச் சீட்டுக்கும் போய்விடும். அந்த 48 ரூபாய்க்கு ஒரே ஒரு நல்ல பொருள் வாங்குவது ஒரு வழி. எட்டு ரூபாய்ச் சாமான் ஆறு வாங்கிப் பையை உப்ப வைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: சீவும்போதே முனை ஒடிகிற பென்சில், ஸ்ட்ராபெரி மணக்கும் ரப்பர், ஊதல், பிளாஸ்டிக் மோதிரம், ஸ்பிரிங், ஒரு பம்பரம். பழ வடிவில் பழ மணத்தோடு இருக்கிற ரப்பரை மூன்று வயதுப் பிள்ளை கடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஊதலுக்குள் உருளும் குண்டு, ஊதல் உடைந்தால் நேராகத் தொண்டைக்குப் போகிற அளவு. இந்த ஆறில் ஒன்றுகூட ஒரு வாரம் தாங்காது. ஒரு பொருள் போதும், அது உருப்படியாக இருக்கட்டும்.

தொண்டையில் சிக்குமா என்பதற்கு ஒரு அளவு உண்டு. பொம்மைத் தரச் சோதனையில் பயன்படுத்தும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர்; அதன் அடி சரிவாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். அழுத்தாமல் அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைக்கு ஆகாது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைவிட அரை சென்டிமீட்டர் அகலமாகத் தடித்த அட்டையைச் சுருட்டி ஒட்டி, ஒரு பக்கம் இரண்டரை சென்டிமீட்டர், எதிர்ப்பக்கம் ஐந்தே முக்கால் சென்டிமீட்டர் வருமாறு சாய்த்து வெட்டி, சாய்ந்த பக்கத்தை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கடை அண்ணாச்சி ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பொருளை மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. பிய்ந்து வரக்கூடிய பாகத்தையும் பாருங்கள். பொம்மையின் கண், காரின் சக்கரம், பொத்தான், ஒட்டி வைத்த பாசி எல்லாவற்றையும் இரண்டு விரலால் பிடித்து நன்றாக இழுங்கள். கையோடு வந்துவிட்டால் அந்தப் பெட்டியையே தள்ளி வைத்துவிடுங்கள்.

இந்தியாவில் 14 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு விற்கிற பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சாதாரணப் பொம்மை என்றால் ஐஎஸ் 9873, மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடுவது என்றால் ஐஎஸ் 15644 என்ற எண் பெட்டியில் இருக்கும். சாக்கில் கொட்டி எடைக்கு விற்கிற மொத்தச் சரக்கில் பெட்டியும் இருக்காது, முத்திரையும் இருக்காது. பதிவு செய்த கைவினைஞர் செய்கிற பொம்மைக்கு விலக்கு உண்டு. மரச் சொப்பில் முத்திரை இல்லை என்பதால் அது மட்டம் என்று நினைக்க வேண்டாம்; ஆனால் சோதிக்கிற வேலை நம் தலையில் விழுகிறது.

பொத்தான் பேட்டரி இருக்கும் எதையும் பிறந்தநாள் பையில் போடாதீர்கள். மின்னுகிற மோதிரம், ஒளிரும் வாட்ச், பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டை, லேசர் சாவிக்கொத்து எல்லாம் இதில் அடக்கம். விலை மலிவான பொருளில் பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்காது, நகத்தால் நெம்பினாலே திறந்துவிடும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் எச்சில் பட்டு மின்னோட்டம் பாயும்; அந்த இடத்தில் காரம் (ஆல்கலி) உண்டாகி இரண்டு மணி நேரத்துக்குள் தசையை அரித்துவிடும். 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் வில்லைதான் இதில் மோசம், ஏனென்றால் அது குழாயில் சரியாகச் சிக்குகிற அளவு. பிள்ளை விழுங்கியது என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் ஜெல் குண்டுகளும் அப்படித்தான். கடுகு மாதிரி இருக்கும், வயிற்றுக்குள் போய்ப் பெரிதாகிக் குடலை அடைக்கும். எக்ஸ்ரேயிலும் தெரியாது. காந்தக் குண்டுகள் இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஊதாத பலூன் பாக்கெட்டைப் பையில் போடுவது நம்மூரில் வழக்கம், அதையும் விட்டுவிடுங்கள். வெடித்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சுக்கு வழியே இருக்காது. சிவகாசி பக்கத்தில் இருக்கிறது என்று பொட்டுவெடி, பாம்பு மாத்திரை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். என்ன சொல்வது!

சரி, எதை வாங்கலாம்?

செங்கோட்டை, தென்காசி, புளியரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அம்பாசமுத்திரம் கைக்கெட்டும் தூரம். அங்கே கடைசல் மரச் சொப்புச் சாமான் தலைமுறையாகச் செய்கிறார்கள். அம்மி, ஆட்டுரல், உரல் உலக்கை, திருகை, அடுப்பு, குடம், பானை. கடைசல் எந்திரத்தில் கட்டை சுழலும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். சூட்டில் அரக்கு உருகி நிறம் ஏறும், பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வரும். இது பிரஷ் பெயிண்ட் மாதிரி செதில் செதிலாக உரியாது. ஆனால் சொப்பு என்று விற்பதெல்லாம் அரக்குப் பூச்சு இல்லை. ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஒரு நிமிஷம் அழுத்தித் தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினால் வாங்க வேண்டாம். மூக்கருகே வைத்தால் தின்னர் வாடை அடிக்கிறதா பாருங்கள். விளிம்பில் கட்டை விரலை ஒரு சுற்று ஓட்டுங்கள், சிராய் இருந்தால் அங்கேயே தட்டும். அடியில் கடைசல் நின்ற இடத்தில் ஒரு சின்னக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். நல்ல ஆசாரி அதை வழித்து மழுப்பியிருப்பார், அவசரத்தில் செய்த சரக்கில் அப்படியே இருக்கும். ஒரு சாமானைக் கையில் எடுத்தவுடன் நான்கு விரலுக்கும் வேலை வந்துவிடுகிறது என்று வையுங்கள்.

பதினைந்து சாமான் கொண்ட முழுப் பெட்டியை ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுத்தால் கட்டுபடி ஆகாது. மூன்று சாமானாகப் பிரித்துத் தரச் சொல்லலாம்: அடுப்பு, பானை, கரண்டி ஒரு தொகுதி, உரல், உலக்கை, முறம் ஒரு தொகுதி. ஆனால் சொப்பு போகிற எல்லாப் பைக்கும் ஒரே தொகுதியைக் கொடுங்கள். ஒருத்திக்கு அடுப்பும் ஒருத்திக்கு உரலும் போனால் வாசலிலேயே அழுகை தொடங்கிவிடும். நிறமும் அப்படித்தான், எல்லாம் ஒரே நிறம். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஸ் என்று பிரிப்பது கணக்கைக் குழப்புவதைத் தவிர ஒன்றும் செய்யாது. இத்தனை தொகுதிக்கு மூன்று நான்கு வாரம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். மரம் காயாமல் கடைந்தால் பின்னால் வெடிக்கும், ஆசாரியை அவசரப்படுத்தினால் அதுதான் வரும். சொப்பு மூன்று வயதுக்கு மேலே மட்டும். கரண்டியும் உலக்கையும் மெலிதாக இருக்கும். வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்தால் அண்ணத்தைக் குத்தும்.

பனையோலைப் பெட்டி, ஓலைக் கிலுகிலுப்பை, ஓலைக் குருவி இவை தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்துச் சரக்கு. விலை அதிகமில்லை, பெட்டியே பையாகவும் ஆகிவிடுகிறது. சங்கடம் இரண்டு. ஒன்று, கிலுகிலுப்பைக்குள்ளே கூழாங்கல்லோ விதையோ இருக்கும். பின்னல் நெகிழ்ந்தால் வெளியே விழும். பல் முளைக்கிற பிள்ளை ஓலையை நமநம என்று கடித்தே நெகிழ்த்திவிடும், அதனால் கிலுகிலுப்பை பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். இரண்டாவது, பூசணம். குற்றாலத்தில் சாரல் விழுகிற ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தப் பக்கம் முழுக்க ஈரக் காற்று. பாலித்தீன் கவரில் கட்டி வைத்த ஓலைப் பெட்டி நான்கே நாளில் கறுப்புப் புள்ளி போட்டுவிடும். வாங்கி வந்ததும் நிழலில் ஒரு நாள் ஆற வைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் உயரத்தில் வையுங்கள். வெயிலில் காயப் போட்டால் ஓலை முறுகி விளிம்பு பிளக்கும். சாயம் ஏற்றிய ஓலையையும் நனைந்த துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். ரோஸும் பச்சையும்தான் அதிகம் ஒழுகும், சாயமில்லாத வெள்ளோலை நிம்மதி.

மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம் மாவட்டத்தில் தழவா என்ற ஊர் தாழம்பாய்க்குப் பேர் போனது. தாழை மடலில் செய்த சின்னப் பர்ஸும் பையும் ஏழு வயதுக்கு மேலான பெண் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, காசு போட்டு வைப்பார்கள்.

பல்லாங்குழி கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பலகையைவிட அதில் போடுகிற காய்தான் விஷயம். சிவப்பில் கறுப்புக் கண் வைத்த குன்றிமணியை அழகுக்காகச் சிலர் போட்டுக் கொடுக்கிறார்கள். மலையாளத்தில் குன்னிக்குரு என்பது அதுதான். அதன் ஓடு உடைந்து, மென்று உள்ளே போனால் கொடிய விஷம். முழுசும் சிவப்பாக, தட்டையாக இருக்கும் மஞ்சாடிக்குரு வேறு. குருவாயூர்க் கோயிலில் உருளியில் குவித்துப் பிள்ளைகள் கை விட்டு அளைகிறார்களே, அது. எல்லைப் பக்கத்தில் இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து வைக்கும் வீடுகள் உண்டு. மஞ்சாடியும் தின்கிற பொருள் இல்லை. புளியங்கொட்டை போதும், இல்லையென்றால் சோழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 காய், ஆறு என்றால் 84. தொலைவதற்குப் பத்து சேர்த்துப் போடுங்கள். ஆறு வயதுக்குக் கீழே இதுவும் வேண்டாம். புளியங்கொட்டையை மூக்கில் ஏற்றிக்கொண்டு வருகிற பிள்ளை எந்த ஊரிலும் உண்டு.

மூன்று வயதுக்குக் கீழே தருவதற்கு எவர்சில்வர் தம்ளரை மிஞ்சியது இல்லை. சின்னத் தம்ளர், கிண்ணம், குழித் தட்டு. எடை பார்த்து வாங்குங்கள். கையில் அழுத்தினால் நசுங்குகிற தகடு ஒரு முறை கீழே விழுந்தாலே ஒடுங்கிவிடும். விளிம்பு உள்ளேயோ வெளியேயோ சுருட்டி மடித்திருக்க வேண்டும், வெறும் வெட்டு விளிம்பு உதட்டை அறுக்கும். டிபன் டப்பா வாங்குவதென்றால் மூடியைச் சோதியுங்கள். பெரியவர்கள் கைக்கு இறுக்கமே தெரியாத மூடி, எல்கேஜிப் பிள்ளைக்குத் திறக்காது; பள்ளியில் அது பசியோடு டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கும். பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்கள். பிறந்தநாள் பிள்ளையின் பேரையும் தேதியையும் முப்பது தம்ளரில் வெட்டுவது வழக்கமாகிவிட்டது. வெட்டாமல் வெறுமனே கொடுத்தால் வாங்கிப் போகிற வீட்டில் தங்கள் பிள்ளையின் பேரை வெட்டிப் பள்ளிக்கு அனுப்புவார்கள். அடுத்த பிள்ளையின் பேர் வெட்டிய டப்பாவை யார் பைக்குள் வைப்பார்கள்? கட்டாயம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அடியில் சின்ன எழுத்தில் வெட்டுங்கள்.

கிரேயான், படம் வரையும் புத்தகம் இரண்டும் சேர்த்துக் கொடுப்பது மூன்றிலிருந்து ஆறு வரை எல்லோருக்கும் பொருந்தும். சின்னப் பிள்ளைக்குத் தடித்த கிரேயான் எட்டு நிறம் போதும். மெலிதான இருபத்து நான்கு நிறப் பெட்டியில் முதல் நாளே பாதி ஒடியும், ஒடிந்த துண்டு நாம் சுருட்டிய அந்த அட்டைக் குழாயில் சுலபமாக அடங்கும். மெழுகுக் கிரேயானைச் சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், பெட்டியோடு ஒரே கட்டியாகிவிடும். சிவகாசியில் அச்சடிக்கிற படப் புத்தகம் மொத்தத்தில் மலிவு. ஆனால் ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு அங்கே காலண்டர் வேலை சூடு பிடித்துவிடும், சொந்தமாக அச்சடிக்க நினைத்தால் அதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். தாள் ரொம்ப மெலிதாக இருந்தால் கிரேயான் அழுத்தத்தில் கிழியும். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த புத்தகமாகப் பாருங்கள்.

கதைப் புத்தகம் என்றால் இந்தப் பக்கத்தில் மொழியையும் பார்க்க வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் - கொச்சியோடு இருந்த ஊர். இன்றைக்கும் பாதி வீட்டுக்கு ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் சொந்தம் இருக்கிறது. அங்கிருந்து வருகிற பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், பள்ளியில் மலையாளம் படிக்கும். தமிழ்க் கதைப் புத்தகம் கொடுத்தால் எழுத்துக் கூட்டத் தெரியாமல் மூலையில் போட்டுவிடும். எழுத்தில்லாத படக்கதை அல்லது மிகக் குறைந்த வரிகள் கொண்ட புத்தகம் எல்லோர் கைக்கும் சரி. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் தடித்த அட்டைப் பக்கம் வேண்டும், மற்றதைத் தின்றுவிடும். பைகளில் பெயர்ச் சீட்டு ஒட்டுவதற்குப் பதிலாக யானை, மாம்பழம், படகு என்று படச் சீட்டு ஒட்டினால் எழுத்துத் தெரியாத பிள்ளையும் தன் பையைத் தானே எடுக்கும். பெயர் ஒட்டினால் பட்டியலில் இல்லாத பிள்ளை வந்து நிற்கும்போது நமக்குக் கை ஓடாது.

வீட்டில் செய்து கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு விளையாட்டு மாவு. மைதா நான்கு கப், தூளுப்பு இரண்டு கப், தண்ணீர் நான்கு கப், எண்ணெய் நான்கு மேஜைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு நான்கு மேஜைக்கரண்டி. எல்லாவற்றையும் அடி கனமான பாத்திரத்தில் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் கூழ் மாதிரி இருக்கும், பிறகு திடீரென்று ஓரம் விட்டு ஒரே உருண்டையாகச் சுருண்டு வரும். அப்போது இறக்கி, ஆறியதும் ஐந்து நிமிஷம் பிசையுங்கள். ஏறக்குறைய 1,900 கிராம் வரும், 60 கிராம் வீதம் முப்பது உருண்டை. தீ அதிகமானால் அடி பிடித்துத் துகள் துகளாகத் திரியும். சீக்கிரம் இறக்கினால் கையில் பிசுபிசுக்கும். பிசுபிசுத்தால் மாவு சேர்க்காதீர்கள், மறுபடி அடுப்பில் வைத்து இரண்டு நிமிஷம் கிளறுங்கள். நிறத்துக்கு மஞ்சள்தூள் போட்டால் பிள்ளைகளின் சட்டை போச்சு. பீட்ரூட் சாறு சூட்டில் பழுப்பாகிவிடும். சமையல் நிறம் சில சொட்டு போதும், மாவு ஆறிய பிறகு சேர்க்கலாம். இறுக்கமான மூடி போட்ட சின்ன டப்பாவில் அடைத்தால் வெளியே ஒரு வாரம் கெடாது. சாரல் காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்து நீர் விடும், அந்த மாதங்களில் வேறு ஏதாவது பாருங்கள். உப்பு இவ்வளவு போடுவதால் ஒரு தடவை நக்கிய பிள்ளை மறுபடி வாய் வைக்காது. இதைக் கோதுமை ஆகாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, நாய் இருக்கிற வீட்டில் எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

சோப்புக் குமிழிப் புட்டி எல்லோருக்கும் பிடிக்கும், எல்லாப் பையிலும் ஒழுகும். மூடிக்கு அடியில் இருக்கும் தகடு கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். புத்தகத்தோடு ஒரே பையில் போடவே கூடாது.

தின்பண்டம் பையில் வைக்காமல் இருப்பதே மேல். வீட்டில் இலையிலோ தட்டிலோ வைத்தால் யார் என்ன தின்கிறார்கள் என்று பெரியவர்கள் கண்ணில் படும். பையில் போனால் கார் சீட்டில் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டே தின்னும். தொண்டையில் சிக்குவது அப்படித்தான். முழு வேர்க்கடலை, கெட்டி மிட்டாய், உறிஞ்சித் தின்கிற குட்டிக் கப் ஜெல்லி மூன்றும் ஐந்து வயதுக்குக் கீழே ஆகவே ஆகாது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய நல்ல பண்டம்தான். சின்னப் பிள்ளைக்கு அதுவும் வேர்க்கடலைதான், கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையும் இருக்கலாம். மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற, வெல்லம் பூசிய வாழைக்காய் வறுவலான சர்க்கரை வரட்டி பெரியவர்கள் பல்லுக்கே வேலை வைக்கும். சாக்லேட் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், மத்தியான விருந்து என்றால் பைக்குள் குழம்புதான். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ வகையில் பலவற்றில் விலங்கிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும். பாக்கெட்டில் பழுப்பு நிற முக்கோணமோ பழைய பழுப்பு வட்டமோ இருந்தால் அசைவம். சைவ வீட்டுப் பிள்ளையும் ஹலால் பார்க்கிற வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்கிற ஊர்களில் இந்தக் குறியைப் பார்க்காமல் வாங்குவது வம்பு.

இனி பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. துணி மாதிரி தெரிகிற நான்-ஓவன் பையும் அந்தப் பட்டியலில் உண்டு. கேரளத்திலும் 2020 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, மிட்டாய்க் குச்சி, ஸ்வீட் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள், அலங்காரத் தெர்மாகோல் எல்லாம் போயிற்று. ஆனாலும் கடையில் கேட்டால் நான்-ஓவன் பையைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

காடாத் துணியில் தைத்தால் விலையும் ஏறக்குறைய அதே ஆகும். 44 அங்குல அகலத் துணி ஒரு மீட்டரில் ஆறு பை வரும். ஒரு பைக்கு 17 அங்குல அகலம், 12 அங்குல உயரம் வெட்டி, பாதியாக மடித்து அடியையும் ஒரு பக்கத்தையும் தைத்து, வாயை மடித்து அடித்தால் 8 அங்குலத்துக்கு 10 அங்குலப் பை. அகலத்தில் இரண்டு, நீளத்தில் மூன்று வெட்டிய பிறகு ஓரத்தில் 10 அங்குல அகலப் பட்டை மிஞ்சும். அதை இரண்டரை அங்குல அகலம், 13 அங்குல நீளமாக வெட்டினால் சரியாகப் பன்னிரண்டு கைப்பிடி, ஆறு பைக்கும் ஆயிற்று. முப்பது பைக்கு ஐந்து மீட்டர். துணி சுருங்கும் என்பதால் வெட்டும் முன் ஒரு முறை நனைத்துக் காய வைத்து, சுருங்கியதற்குக் கால் மீட்டர் கூட வாங்கிக்கொள்ளுங்கள். சுருக்குக் கயிறு போட்ட பை அழகாக இருக்கும். சின்னப் பிள்ளை அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும், அதனால் கைப்பிடிதான் நல்லது.

பைகளை விருந்துக்கு முதல் நாள் இரவே வரிசையாகத் தரையில் நிற்க வைத்து, ஒரு பொருளாக முப்பதிலும் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு பையாக நிரப்பினால் கடைசி இரண்டு பையில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும், எங்கே போயிற்று என்று முப்பதையும் கொட்டிப் பார்க்க வேண்டி வரும். மூன்று வயதுக்குக் கீழான பைகளைத் தனி நிறக் கைப்பிடியால் அடையாளம் வையுங்கள். பெரியவர் ஒருவர் வாசலில் நின்று, வயதைக் கேட்டு, அம்மா கையிலேயே கொடுக்கட்டும். "இதுல சொப்பு இருக்கு, தம்பிக்குக் குடுத்துராதீங்க மதினி" என்று ஒரு வார்த்தை சொல்ல அப்போதுதான் நேரம் கிடைக்கும். வரும்போதே கொடுத்துவிட்டால் விருந்து முழுக்கத் தரையில் உலக்கையும் கிரேயானும்தான் உருளும்.

மிஞ்சிய பைகளை அப்படியே அலமாரியில் தூக்கி வைக்காதீர்கள். பேச்சைக் கேட்காமல் உள்ளே மிட்டாய் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இந்தப் பக்கத்துச் சிற்றெறும்புக்கு முடிச்சுப் போட்ட பையெல்லாம் ஒரு தடையே இல்லை.